கார்டா, எலைசாவா, கிளியாவா? ஹெபடைடிஸ் ஆன்டிபாடி டெஸ்ட்கள் குறித்து ஒரு விமர்சனம்

பதினைந்தாவது நிமிடம். கார்டில் ‘சி’ (கன்ட்ரோல்) எழுத்துக்கு நேரே அடர்த்தியான சிவப்புக் கோடு. ‘டி’க்கு (டெஸ்ட்) நேரே, கோடு என்று சொல்லவும் முடியாமல் இல்லை என்று தள்ளவும் முடியாமல் இளஞ்சிவப்பாக ஒரு நிழல். ஒருவர் கார்டை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து ‘இருக்கு’ என்பார். பக்கத்தில் நிற்பவர் ‘எனக்கு ஒண்ணும் தெரியல’ என்பார். ஹெபடைடிஸ் டெஸ்டில் வரும் குழப்பங்களில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது.

இதற்கு விதி தெளிவாகவே இருக்கிறது. கிட் சொல்லும் நேரத்துக்குள், பட்டையின் முழு அகலத்துக்கும், நிறத்தோடு ஒரு கோடு தெரிந்தால் அது ரியாக்டிவ், அதாவது தேடிய பொருள் இருப்பதாக டெஸ்ட் காட்டுகிறது. எவ்வளவு மங்கலாக இருந்தாலும் ரியாக்டிவ்தான். ‘வீக் பாசிட்டிவ்’, ‘லேசா பாசிட்டிவ்’ என்றெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதக் கூடாது. கோடு அடர்த்தியாக இருப்பதால் நோய் முற்றிவிட்டது என்றோ, மங்கலாக இருப்பதால் இப்போதுதான் தொற்றியது என்றோ பொருள் கிடையாது. அப்படிச் சொல்லும் லேப் தன் கையில் இருக்கும் கிட்டின் தாளையே படிக்கவில்லை.

சந்தையில் கிடைக்கும் மூன்று வகை டெஸ்ட்களை இங்கே எடுத்துக்கொள்வோம்: கோட்டைப் பார்த்துச் சொல்லும் கார்டு டெஸ்ட், குழித்தட்டில் நிறத்தை அளக்கும் எலைசா, இயந்திரத்தில் ஒளியை அளக்கும் கிளியா. ஆன்டிபாடிக்காகச் செய்யும்போது மூன்றும் தேடுவது வைரஸை அல்ல. வைரஸைக் கண்டதும் உடம்பு தயாரித்த ஆன்டிபாடியை, அதாவது எதிர்ப்பொருளை. திருடன் வந்து போனதற்கான கால்தடத்தைப் பார்ப்பது மாதிரி. அவன் இன்னும் உள்ளே இருக்கிறானா என்பதைக் கால்தடம் சொல்லாது. கிட்டை விற்பவர்களும் வாங்குபவர்களும் வசதியாக மறந்துவிடுகிற விஷயம் இது. கீழே வரும் புகழும் குறையும் எல்லாம் இதை வைத்துத்தான்.

எதைக் கேட்டு டெஸ்ட் எழுதுவது

‘ஹெபடைடிஸ் டெஸ்ட்’ என்று ஒன்று கிடையாது. ஏ, பி, சி, டி, ஈ என ஐந்து வைரஸ்கள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டெஸ்ட்கள். ஏ-யும் ஈ-யும் அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வருபவை. காமாலை அறிகுறிகளோடு வந்தவருக்கு ஐஜிஎம் (புதிய தொற்றில் முதலில் தோன்றும் வகை) ஆன்டிபாடி பார்த்தால் போதும். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ‘எதற்கும் பார்த்துவிடலாம்’ என்று ஹெபடைடிஸ் ஏ ஐஜிஎம் எழுதுவது வேண்டாத வேலை. அப்படி வரும் பாசிட்டிவ்களில் பொய்யானவை நிறைய. தவிர, தொற்று வந்து போன பிறகும் ஐஜிஎம் சில மாதங்கள் ரத்தத்தில் இருக்கும்.

பி-யில்தான் ஆட்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். எல்லாரும் கேட்கும் எச்பிஎஸ்ஏஜி என்பது ஆன்டிபாடி டெஸ்டே அல்ல. அது வைரஸின் மேலுறைப் புரதம், ஆன்டிஜன். 1960-களில் பரூக் பிளம்பர்க் கண்டுபிடித்து, முதலில் ‘ஆஸ்திரேலியா ஆன்டிஜன்’ என்று பெயர் பெற்றது. 1976-ல் அவருக்கு நோபல் கிடைத்தது. அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய ஆன்டிபாடிகள் இரண்டு: ஆன்டி-எச்பிஎஸ் (மேலுறைப் புரதத்துக்கு எதிரானது), ஆன்டி-எச்பிசி (பி வைரஸின் உள்கருப் புரதத்துக்கு எதிரானது). மூன்றையும் ஒரே நேரத்தில் பார்த்தால்தான் படம் முழுமையாகும். மூன்றும் நெகட்டிவ் என்றால் வைரஸையும் சந்திக்கவில்லை, பாதுகாப்பும் இல்லை, தடுப்பூசி போடலாம். ஆன்டி-எச்பிஎஸ் மட்டும் பாசிட்டிவ் என்றால் தடுப்பூசியால் வந்த பாதுகாப்பு. அதோடு ஆன்டி-எச்பிசியும் பாசிட்டிவ் என்றால் நோய் வந்து ஆறியிருக்கிறது. இந்த ஆளுக்கு ‘ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்பிவிடுவார்கள். ஆனால் வைரஸின் மரபுப்பொருள் கல்லீரல் செல்லுக்குள் பதுங்கியே இருக்கும். பின்னாளில் ரிட்டுக்சிமாப் போல நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்து கொடுக்கும்போது அது தலைதூக்கலாம். அதனால் அந்தப் பழைய ரிப்போர்ட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருப்பது அவசியம்.

ஆன்டி-எச்பிசி மட்டும் தனியாகப் பாசிட்டிவ் வந்தால்தான் சிக்கல். அதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம்: பொய்யான பாசிட்டிவ், எப்போதோ வந்த தொற்று ஆறி ஆன்டி-எச்பிஎஸ் காலப்போக்கில் தேய்ந்து போனது, எச்பிஎஸ்ஏஜி மறைந்து ஆன்டி-எச்பிஎஸ் இன்னும் தலைகாட்டாத இடைவெளிக் காலம், எச்பிஎஸ்ஏஜி தெரியாத அளவுக்கு மிகக் குறைவாக ஓடும் தொற்று. இடைவெளிக் காலத்தைப் பிடிக்க ஆன்டி-எச்பிசி ஐஜிஎம் உதவும். ஆனால் நாள்பட்ட தொற்று திடீரென்று கிளம்பும்போதும் அதே ஐஜிஎம் பாசிட்டிவ் ஆகலாம், ஜாக்கிரதை.

தடுப்பூசிக்குப் பிறகு ஆன்டி-எச்பிஎஸ் அளவு பார்ப்பவர்கள் கடைசி டோஸ் முடிந்து ஒன்று முதல் இரண்டு மாதத்துக்குள் பார்க்க வேண்டும். ஒரு மில்லி லிட்டருக்கு 10 மில்லி சர்வதேச அலகுக்கு மேல் இருந்தால் பாதுகாப்பு உண்டு. பல வருடம் கழித்துப் பார்த்து 6 என்று வந்ததும் பதறுவது தேவையில்லை. முன்பு 10-ஐத் தாண்டிய ஆரோக்கியமான ஆளின் உடம்பு அதை நினைவில் வைத்திருக்கும். டயாலிசிஸில் இருப்பவர்கள் விஷயம் வேறு, அவர்கள் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும். இன்னொன்று: ஊசி போட்ட கையோடு எச்பிஎஸ்ஏஜி பார்க்காதீர்கள். தடுப்பூசியே அந்தப் புரதம்தான். 18 நாள் வரைகூட டெஸ்டில் அது தென்பட்டதுண்டு.

டி வைரஸ் பி இல்லாமல் பிழைக்காது. ஆகவே எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் ஆனவருக்குத்தான் ஆன்டி-எச்டிவி.

சி-யில் ஆன்டிபாடி டெஸ்ட்தான் நுழைவாயில். 1989-ல் வைரஸ் அடையாளம் காணப்பட்டு, 1990-லேயே முதல் டெஸ்ட் வந்தது. அது ஒரே ஒரு புரதத்தை வைத்துச் செய்தது; தொற்றைத் தாமதமாகத்தான் பிடிக்கும், பொய்யான பாசிட்டிவும் அதிகம். இரண்டாம் தலைமுறையில் கோர் (உள்கரு), என்எஸ்3 என்ற வைரஸ் புரதங்கள் சேர்ந்தன. மூன்றாம் தலைமுறையில் என்எஸ்5. கிட் பெட்டியில் ‘மூன்றாம் தலைமுறை’ என்று போட்டிருப்பது விளம்பர வாசகம் அல்ல, இந்த வரலாறு. ‘நான்காம் தலைமுறை’ என்றால் ஆன்டிபாடியோடு கோர் ஆன்டிஜனையும் சேர்த்துப் பிடிக்கும் கிட். ஆன்டிபாடி உருவாகாத ஆரம்ப நாட்களுக்கு அது உதவும்.

கார்டு டெஸ்ட்: ஐந்துக்கு மூன்றரை

உள்ளே இருப்பது எளிமையான ஏற்பாடு. ஒரு முனையில் சாம்பிள் விழும் பஞ்சு, அடுத்து தங்கத் துகள்கள் ஒட்டிய பகுதி, பிறகு நைட்ரோசெல்லுலோஸ் பட்டை, கடைசியில் ஈரத்தை இழுக்கும் பஞ்சு. சாம்பிளில் ஆன்டிபாடி இருந்தால் அது தங்கத் துகளையும் பிடித்துக்கொண்டு ‘டி’ கோட்டில் பதித்திருக்கும் வைரஸ் புரதத்திலும் சிக்கிக்கொள்ளும். சிவப்பாகத் தெரிவது அந்தத் தங்கம்தான்.

மின்சாரம் வேண்டாம், இயந்திரம் வேண்டாம், கால் மணியில் பதில். முகாம்களுக்கும் சிறிய மருத்துவமனைகளுக்கும் இதைவிடப் பொருத்தமானது இல்லை. நல்ல கிட்டை ஒழுங்காகச் செய்தால் ஹெபடைடிஸ் சி-க்குத் தாராளமாக நம்பலாம். விரல் நுனி ரத்தம் மட்டுமல்ல, ஈறிலிருந்து எடுக்கும் வாய்நீரிலேயே சி ஆன்டிபாடி பார்க்கும் ஓராக்விக் போன்றவையும் உண்டு. அதில் 20 நிமிடத்துக்கு முன்னும் படிக்கக் கூடாது, 40 நிமிடத்துக்குப் பின்னும் படிக்கக் கூடாது. வீட்டில் தானே செய்துகொள்ளும் சி டெஸ்டை உலக சுகாதார நிறுவனம் 2021-ல் பரிந்துரைத்தது. அதற்கான முதல் கிட்டுக்கு 2024-ல் முன்தகுதி கொடுத்தது.

மதிப்பெண் எங்கே குறைகிறது என்றால், முதலாவது அந்த ‘சி’ கோட்டில். அது வந்துவிட்டால் டெஸ்ட் சரி என்று எல்லாரும் நினைக்கிறார்கள். பெரும்பாலான கார்டுகளில் ‘சி’ கோடு சொல்வது திரவம் பட்டையில் ஓடியது, தங்கத் துகள் உயிரோடு இருக்கிறது என்பதை மட்டுமே. ரத்தமே விடாமல் பஃபரை (கிட்டோடு வரும் கரைசலை) மட்டும் விட்டாலும் அந்தக் கோடு அழகாக வரும். அவசரத்தில் சாம்பிள் விட மறந்த கார்டு ‘நெகட்டிவ்’ என்று பதில் சொல்லும். அதைக் கண்டுபிடிக்க வழியே இல்லை. ஆகவே வரிசையாகப் பத்துக் கார்டு வைத்து வேலை செய்பவர்கள் ஒவ்வொன்றிலும் முதலில் பெயரையும் நேரத்தையும் எழுதிவிட்டு, சாம்பிள் விட்ட உடனேயே ஒரு டிக் போட வேண்டும். புதிய பெட்டி திறக்கும்போதெல்லாம் தெரிந்த பாசிட்டிவ் ஒன்றும் தெரிந்த நெகட்டிவ் ஒன்றும் ஓட்டிப் பார்க்க வேண்டும். பல பெட்டிகளில் அந்தக் கன்ட்ரோல் சாம்பிள் சேர்ந்தே வருவதில்லை, தனியாக வாங்க வேண்டும். கார்டு கம்பெனிகளின் மேல் பெரிய குறை இதுதான்.

இரண்டாவது, செய்யும் கை. விரலைக் குத்தியதும் வரும் முதல் சொட்டைத் துடைத்துவிட்டு இரண்டாவதை எடுக்க வேண்டும். ஸ்பிரிட் காயும் முன் குத்தக் கூடாது. ரத்தம் வரவில்லை என்று விரலைப் பிழிந்தால் திசுநீர் கலந்து சாம்பிள் நீர்த்துப் போகும். பஃபர் இரண்டு சொட்டு என்றால் இரண்டு சொட்டு. பாட்டிலைச் செங்குத்தாகப் பிடிக்காவிட்டால் சொட்டின் அளவே மாறும். ஒரு கம்பெனியின் பஃபர் தீர்ந்துவிட்டது என்று இன்னொரு கம்பெனியின் பஃபரை விடுவது பல இடங்களில் நடக்கிறது. அப்படி வந்த முடிவு, பாசிட்டிவோ நெகட்டிவோ, குப்பை.

மூன்றாவது, நேரம். 15 நிமிடம் என்றால் 5-வது நிமிடத்தில் ‘நெகட்டிவ்’ சொல்லக் கூடாது. ஆன்டிபாடி குறைவாக இருந்தால் கோடு எழ நேரமாகும். கார்டை மேசையில் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் கழித்து வந்து பார்த்தாலும் தப்பு. பட்டை காயக் காய, திரவம் பின்னோக்கி ஓடி இல்லாத கோட்டை வரைந்துவிடும். ஃபைலில் ஒட்டி வைத்த பழைய கார்டை எடுத்துக் காட்டி ‘பாருங்க, கோடு இருக்கு’ என்று சண்டை போடுவதில் பயனில்லை.

உறையைப் பிரித்ததும் பயன்படுத்திவிடுங்கள். உள்ளே இருக்கும் சிலிக்கா பொட்டலம் வெறும் அலங்காரத்துக்கு அல்ல. அது இல்லாமலோ, நிறம் காட்டும் வகையாக இருந்து நிறம் மாறியோ இருந்தால் அந்தக் கார்டை ஒதுக்கிவிடுங்கள். ஈரம் குடித்த பட்டையில் ஓட்டம் தடைபடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தால் உறையோடு அறை வெப்பத்துக்கு வரும் வரை காத்திருந்து பிரியுங்கள். குளிரிலேயே பிரித்தால் பட்டையின் மேல் ஈரம் படியும்.

எலைசா: நல்ல லேபில் நாலரை, அவசர லேபில் இரண்டு

96 குழிகள் கொண்ட பிளேட், 8 வரிசை, 12 நெடுவரிசை. குழியின் அடியில் வைரஸ் புரதம் பூசியிருக்கும். சாம்பிள் விட்டு 37 டிகிரியில் வைப்பார்கள், கழுவுவார்கள், சிக்கிய ஆன்டிபாடியோடு போய் ஒட்டும், என்சைம் பூட்டிய கான்ஜுகேட் என்ற திரவத்தை விடுவார்கள், மறுபடி கழுவுவார்கள், டிஎம்பி என்ற நிறமற்ற திரவத்தை விட்டு இருட்டில் வைப்பார்கள். ஆன்டிபாடி இருந்த குழி நீலமாகும். அமிலம் விட்டதும் மஞ்சளாகும். அந்த மஞ்சளை 450 நானோமீட்டரில் ரீடர் அளக்கும்.

கட்-ஆஃப் (பாசிட்டிவையும் நெகட்டிவையும் பிரிக்கும் எல்லை எண்) கணக்கு எப்படி வருகிறது என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. நெகட்டிவ் கன்ட்ரோல் மூன்றும் 0.030, 0.040, 0.050 என்று படிக்கின்றன, சராசரி 0.040. கிட்டின் தாள் ‘இதோடு 0.350 கூட்டு’ என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம் (கூட்ட வேண்டிய எண் கிட்டுக்குக் கிட்டு மாறும்). கட்-ஆஃப் 0.390. ஒரு சாம்பிள் 1.950 படித்தால், அதைக் கட்-ஆஃபால் வகுத்து வரும் விகிதம் 5.0. இன்னொன்று 0.429 படித்தால் விகிதம் 1.1. இரண்டையும் ‘பாசிட்டிவ்’ என்ற ஒரே சொல்லில் அடைத்து அனுப்புவது முடிவைப் பெறுபவருக்குச் செய்யும் அநியாயம். 1.1 என்பது விளிம்பில் நிற்கிறது. ஒரே சாம்பிளை இரண்டு குழிகளில் மீண்டும் ஓட்டி, இரண்டில் ஒன்றாவது ரியாக்டிவ் ஆனால்தான் அதை ரியாக்டிவ் என்று சொல்வது வழக்கம். மீண்டும் ஓட்டாமல் முதல் எண்ணையே அச்சடித்துக் கொடுக்கும் லேபுக்குத்தான் மேலே சொன்ன இரண்டு மதிப்பெண்.

எலைசாவின் உயிர் கழுவுதலில் இருக்கிறது. ஒரு சுற்றுக்குக் குழி நிறைய, அதாவது 300 முதல் 350 மைக்ரோலிட்டர், பொதுவாக ஐந்து சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் முழுக்க உறிஞ்சி எடுத்து, கடைசியில் பிளேட்டைக் கவிழ்த்து உறிஞ்சுதாளின் மேல் பலமாகத் தட்ட வேண்டும். தாளில் ஈரம் இனி படியவில்லை என்றால் நிறுத்தலாம். ஆனால் குழிகளைக் காயவிட்டுவிட்டு டீ குடிக்கப் போகக் கூடாது. காய்ந்தாலும் முடிவு கெடும்.

வாஷர் இயந்திரத்தில் செய்தால் கவனிக்க வேண்டியது ஊசிகள். வாஷ் பஃபர் உப்புக் கரைசல். இரவு அப்படியே விட்டுவிட்டுப் போனால் காலையில் ஊசிமுனையில் வெள்ளையாகப் படிகம் கட்டியிருக்கும். அடைபட்ட ஊசிக்குக் கீழே வரும் குழிகள் எல்லாம் சரியாகக் கழுவப்படாமல் மஞ்சளாகும். எனவே ஒரே வரிசையில் நான்கைந்து பாசிட்டிவ் அடுத்தடுத்து வந்தால், அந்த ஆட்களைச் சந்தேகப்படும் முன் அந்த வரிசைக்கான ஊசியைப் பாருங்கள். வேலை முடிந்ததும் வாஷரில் டிஸ்டில்டு வாட்டர் ஓட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட ஆகாது.

ஓர குழிகளில் மட்டும் எண்கள் ஏறினால் வெப்பம் சீராக இல்லை. பிளேட்டை மூடாமல் இன்குபேட்டரில் வைத்திருப்பார்கள், அல்லது ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த கிட்டை உடனே ஓட்டியிருப்பார்கள். எல்லாக் குப்பிகளும் அறை வெப்பத்துக்கு வரக் குறைந்தது அரை மணி வேண்டும். டிஎம்பி குப்பியிலேயே நீலம் பூத்திருந்தால் யாரோ கான்ஜுகேட் தொட்ட பைப்பெட் டிப்பை அதில் முக்கியிருக்கிறார்கள், கொட்டிவிடுங்கள். சாம்பிள் கெடாமல் இருக்க சோடியம் அசைடு சேர்த்திருந்தால் அது பெராக்சிடேஸ் என்சைமையே முடக்கிவிடும். பாசிட்டிவ் சாம்பிள் நெகட்டிவாகத் தெரியும். ஒரு லாட்டின் கான்ஜுகேட்டை இன்னொரு லாட்டின் பிளேட்டில் விடுவது, மீந்த இரண்டு குப்பிகளை ஒன்றாக ஊற்றுவது, இதெல்லாம் சிக்கனம் அல்ல.

எலைசாவில் ஒன்று பாராட்டத்தக்கது. சில கிட்களின் டைலூயன்ட் (சாம்பிளை நீர்க்க வைக்கும் திரவம்), சாம்பிள் விழுந்ததும் நிறம் மாறும். சாம்பிள் விட மறந்த குழி அப்படியே பழைய நிறத்தில் நிற்கும், ஒரு பார்வையில் தெரிந்துவிடும். கார்டால் தர முடியாத பாதுகாப்பு இது. வாங்கும்போது இந்த வசதி உள்ள கிட்டைத் தேடி வாங்கலாம்.

ஒரு பொறியும் உண்டு. ஆன்டி-எச்பிசி டோட்டல் கிட்கள் பலவும் போட்டி முறையில் வேலை செய்பவை. சாம்பிளின் ஆன்டிபாடியும் கான்ஜுகேட்டும் ஒரே இடத்துக்கு முட்டிமோதும். அங்கே நிறம் குறைந்தால்தான் பாசிட்டிவ். தவறுகளின் திசையும் தலைகீழாகிவிடும்: மற்ற கிட்களில் கழுவாமல் விட்டால் பொய்ப் பாசிட்டிவ், இதில் பொய் நெகட்டிவ். கான்ஜுகேட் விட மறந்த குழி மற்றவற்றில் நெகட்டிவ், இதில் ‘பாசிட்டிவ்’. காலையில் சி பிளேட், மதியம் ஆன்டி-எச்பிசி பிளேட் என்று ஓட்டும் இடத்தில் இதைச் சுவரிலேயே எழுதி ஒட்டுவது தகும்.

கிளியா: ஐந்துக்கு நாலரை, கொஞ்சம் எச்சரிக்கையோடு

குழிக்குப் பதில் காந்தத் துகள்கள், நிறத்துக்குப் பதில் ஒளி. இயந்திரமே சாம்பிளை எடுத்து, கலந்து, காந்தத்தால் துகளைப் பிடித்துக் கழுவி, ஒளியை அளந்து, சுமார் 20 முதல் 30 நிமிடத்தில் எண்ணைச் சொல்லிவிடும். 90 பேர் சேரும் வரை காத்திருக்க வேண்டாம். ஒருவர் சாம்பிளையும் உடனே ஓட்டலாம். கை மாறினாலும் முடிவு மாறாது. தினமும் சாம்பிள் வரும் இடத்துக்கு இதுதான் சரி.

ஆனால் எல்லாம் மூடிக்குள் நடப்பதால் தப்பும் மூடிக்குள்ளேயே நடந்துவிடும். சரியாக உறையாத சாம்பிளில் மிதக்கும் ஃபைப்ரின் நூல் ஊசியை அடைத்தால், கிளாட் எச்சரிக்கை வந்தால் பிழைத்தோம். வராத அளவுக்குச் சின்ன நூலாக இருந்தால் சாம்பிள் குறைவாகப் போய் பொய்யான எண் வரும். பயோட்டின் என்ற வைட்டமின் இன்னொரு தொல்லை. முடி, நகம் வளர என்று விற்கும் மாத்திரைகளில் 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் எல்லாம் சாதாரணம். பயோட்டின்-ஸ்ட்ரெப்டாவிடின் பிணைப்பை நம்பி இயங்கும் முறைகளில் அது குறுக்கே புகுந்து, சாதாரண டெஸ்டில் பொய் நெகட்டிவையும், போட்டி முறை டெஸ்டில் பொய்ப் பாசிட்டிவையும் காட்டலாம். 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதற்காகவே எச்சரிக்கை வெளியிட்டது. எல்லா கிளியாவும் இந்தப் பிணைப்பைப் பயன்படுத்துவதில்லை. உங்கள் இயந்திரம் அந்த வகையா என்பதை லேபுக்காரர் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ரத்தம் எடுப்பவர் ‘முடிக்கு மாத்திரை ஏதாவது சாப்பிடுறீங்களா’ என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

எண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு இயந்திரத்தின் 6-ஐ இன்னொரு இயந்திரத்தின் 6-ஓடு ஒப்பிடக் கூடாது. சி ஆன்டிபாடியில் ‘இதற்கு மேல் போனால் பெரும்பாலும் உண்மையான பாசிட்டிவ்’ என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி ஒரு காலத்தில் குறித்த எல்லைகள் ஒரு எலைசாவுக்கு 3.8, ஒரு கிளியாவுக்கு 8, வேறொன்றுக்கு 5, இன்னொன்றுக்கு 11. ஒரே விஷயத்துக்கு இத்தனை எண்கள். இதில் எதுவும் வைரஸின் அளவு அல்ல. போன மாதம் 14, இந்த மாதம் 11, ‘குறைஞ்சிருக்கு’ என்று மகிழ்வதில் அர்த்தமே இல்லை. ஆன்டி-எச்பிஎஸ் மட்டும்தான் இந்தக் கூட்டத்தில் உண்மையான அளவு.

சாம்பிள் எடுக்கும் இடம்

வெறும் வயிறு தேவையில்லை. கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பின் சீரம் பால் போல் கலங்கினால் மட்டும் தொந்தரவு. ஜெல் குழாயில் 4 முதல் 5 மில்லி லிட்டர் எடுத்து, மெதுவாக ஐந்து முறை கவிழ்த்து நிமிர்த்தி, செங்குத்தாக நிறுத்தி 30 நிமிடம் உறையவிட வேண்டும். பிறகு 10 நிமிடம் சென்ட்ரிஃப்யூஜ். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவருக்கு அந்த 30 நிமிடம் போதாது. அவசரப்பட்டுச் சுற்றினால் மேலே சொன்ன ஃபைப்ரின் நூல் அங்கேதான் பிறக்கிறது. குழாயைக் குலுக்கினால் சிவப்பணு உடைந்து சீரம் சிவக்கும். அதுவும் எலைசாவுக்கு ஆகாது. கிருமியைக் கொல்வதாக நினைத்து 56 டிகிரியில் சூடாக்கும் பழக்கம் பொய்ப் பாசிட்டிவைத்தான் கூட்டும். சீரத்தைப் பிரித்து 2 முதல் 8 டிகிரியில் சில நாள் வைக்கலாம். அதற்கு மேல் மைனஸ் 20. உறைய வைத்ததை எடுத்து, உருக்கி, மறுபடி உறைய வைத்து என்று விளையாடக் கூடாது; சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து வைத்தால் அந்தத் தேவையே வராது.

லேபிளை ரத்தம் எடுத்த இடத்திலேயே, அந்த ஆள் எழுந்து போகும் முன் ஒட்டுங்கள். மற்ற தப்புகளில் பலவற்றைத் திரும்ப ஓட்டிக் கண்டுபிடிக்கலாம். மாறிப்போன குழாயைக் கண்டுபிடிக்க முடியாது.

ரிப்போர்ட்: இங்கேதான் பெரும்பாலானவை தோற்கின்றன

ஒரு கணக்கு. 10,000 பேர், அதில் 50 பேருக்கு உண்மையிலேயே தொற்று. டெஸ்ட் தொற்று உள்ள நூறில் 99-ஐயும் சரியாகப் பிடிக்கும், இல்லாத நூறில் 99-ஐயும் சரியாக விடும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிபட வேண்டிய 50-ல் ஏறக்குறைய எல்லாரும் பிடிபடுவார்கள். மீதி 9,950-ல் ஒரு சதவீதம், சுமார் 100 பேர், வீணாகப் பிடிபடுவார்கள். ‘பாசிட்டிவ்’ காகிதம் வாங்கிய 150 பேரில் மூன்றில் இரண்டு பேருக்கு நோயே இல்லை. அதே டெஸ்டை 2,000 பேருக்குத் தொற்று உள்ள 10,000 பேரிடம் செய்யுங்கள்: 1,980 உண்மை, 80 பொய். கிட் மாறவில்லை, செய்த கை மாறவில்லை, ஆட்கள்தான் மாறினார்கள். ‘99 சதவீதத் துல்லியம்’ என்று அட்டையில் அச்சிட்டிருப்பதை வைத்து ஒருவருடைய வாழ்க்கையை முடிவு செய்யக் கூடாது என்பதற்கு வேறு விளக்கம் வேண்டாம்.

சி ஆன்டிபாடி ரியாக்டிவ் ஆனவருக்கு மூன்று சாத்தியங்கள்: இப்போது வைரஸ் இருக்கிறது, முன்பு வந்து தானாகவோ மருந்தாலோ போய்விட்டது, பொய்ப் பாசிட்டிவ். மருந்து சாப்பிட்டு முழுக்கக் குணமானவருக்கும் ஆன்டிபாடி பல வருடம், பெரும்பாலும் வாழ்நாள் முழுக்கவே இருக்கும். அவருக்கு மறுபடி தொற்று வந்ததா என்று ஆன்டிபாடி டெஸ்டில் பார்ப்பது காசுக்கும் கேடு, மனசுக்கும் கேடு. முதலாவதை மற்ற இரண்டிலிருந்து பிரிக்க எச்சிவி ஆர்என்ஏ, அதாவது சி வைரஸின் மரபுப்பொருளையே தேடும் டெஸ்ட், வேண்டும். குழந்தைக்கும் இதே சிக்கல்: தாயின் ஆன்டிபாடி 18 மாதம் வரைகூடக் குழந்தையின் ரத்தத்தில் சுற்றும். அதற்கு முன் ஆன்டிபாடி பார்த்துப் பயனில்லை. இரண்டு மாதம் ஆன பிறகு ஆர்என்ஏ பார்க்கலாம்.

நெகட்டிவ் ரிப்போர்ட்டும் முழு நிம்மதி அல்ல. சி தொற்றிய பிறகு ஆன்டிபாடி தெரிய சராசரியாக 8 முதல் 11 வாரம் ஆகும். ஆர்என்ஏ ஒன்றிரண்டு வாரத்திலேயே தெரியும். பிறர் ரத்தம் பட்ட ஊசி தவறிக் குத்திய மறுநாள் கார்டு போட்டு நெகட்டிவ் வந்தால், அது குத்துவதற்கு முந்தைய நிலையைத்தான் சொல்கிறது. டயாலிசிஸில் இருப்பவர், எதிர்ப்புச் சக்தி அடங்கியவர் ஆகியோருக்கு ஆன்டிபாடி உருவாகாமலே போகலாம்.

இதையெல்லாம் ஒரு ரிப்போர்ட் சொல்ல வேண்டும். குறைந்தபட்சம் எந்த முறை, எந்தக் கிட், கிடைத்த எண், கட்-ஆஃப், ‘ரியாக்டிவ், ஆர்என்ஏ மூலம் உறுதிசெய்யவும்’ என்ற ஒரு வரி. வெறுமனே ‘எச்சிவி: பாசிட்டிவ்’ என்று தடித்த எழுத்தில் அச்சடித்துக் கொடுப்பதைச் சேவை என்று சொல்ல முடியாது.

ஆகவே லேபைத் தேர்ந்தெடுக்கும்போது இயந்திரத்தின் பெயரைக் கேட்பதைவிட இதைக் கேளுங்கள்: ‘ரியாக்டிவ் வந்தால் ஆர்என்ஏவுக்கு என்ன செய்வீர்கள்?’ நல்ல லேப் முதல் நாளிலேயே ஜெல் குழாயோடு ரத்தத்தை உறையவிடாத ஈடிடிஏ குழாய் ஒன்றையும் எடுத்து, கிட் சொல்லும் நேரத்துக்குள் பிளாஸ்மாவைப் பிரித்து உறைய வைத்துவிடும். ஆன்டிபாடிக்குப் பயன்படுத்திய குழாயிலிருந்தே ஆர்என்ஏவுக்கு ஊற்றாது. பல சாம்பிளைத் தொட்ட இயந்திர ஊசி அதில் இறங்கியிருக்கும், பக்கத்துச் சாம்பிளின் ஒரு துளியும் ஆர்என்ஏ டெஸ்டில் பாசிட்டிவாகத் தெரிந்துவிடும். ரியாக்டிவ் என்றால் அந்த இரண்டாவது குழாய் நேராக ஆர்என்ஏவுக்குப் போகும், இரண்டு முடிவும் ஒரே ரிப்போர்ட்டில் வரும். ‘அப்போ திரும்ப வரச் சொல்வோம்’ என்று பதில் வந்தால் வேறு லேப் பாருங்கள். திரும்ப வரச் சொன்னவர்களில் பலர் வருவதே இல்லை.